என் பெயருக்கு வந்த தாபரிப்பு

அக்கா,

இன்று காலை பிரஷர் கிளினிக்குக்குப் போய் வாங்கில் குந்தியிருந்தேன். ஒரு பெண் வாளியோடு வந்து நிலம் துடைத்தாள். அந்த மருந்து வாசம் மூக்கில் ஏறியதும் நீங்கள்தான் வந்து நின்றீர்கள். நெடுந்தீவு ஆசுப்பத்திரியில் சிற்றூழியராக இருந்த உங்களுடைய சீலையில் எந்த நாளும் அந்த வாசம் இருக்கும். கடல் தாண்டி எங்கள் வேலணைக்கு வந்தாலும் போகாது. பிரஷர் பார்த்த தாதி, "கொஞ்சம் ஏறியிருக்கு. எதையும் யோசிச்சனீங்களோ?" என்று கேட்டா. "ஓம், ஒரு அக்காவை நினைச்சனான்" என்றேன். என் மனிசனின் முதல் மனைவியை நினைத்தேன் என்று சொன்னால் அவ என்னை வேறு வைத்தியரிடம் அனுப்பியிருப்பா.

நீங்கள் இரண்டு பேரும் பிரிந்து மூன்று வருடம் கழித்துத்தான் நான் அவரைக் கட்டினேன். ஆனாலும் உங்களோடு எனக்குக் கோபம். அவர் லொறி ஓடி உழைத்ததில் ஒரு பங்கு, உங்கள் மகள் தனுஜாவின் தாபரிப்பு, பிள்ளை வளர்க்கிற செலவு என்று மாதா மாதம் ஊர்காவற்றுறைக் கோட்டுக்குப் போகும். அந்தக் கிழமை முழுக்க எங்கள் குசினியில் சட்டி பானை எல்லாம் சத்தம் போடும். அவர் பாவம், சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி வைத்துவிட்டு லொறியில் ஏறிவிடுவார்.

பிறகு தனுஜா சாதாரண தரப் பரீட்சை பாஸ் பண்ணினாள். விஞ்ஞானம் படிக்க வேண்டும் என்றாள். நெடுந்தீவில் அதற்கு வசதியில்லை என்று நீங்கள் அவளை எங்களிடம் அனுப்பினீர்கள். ஒரு பெட்டியும் பாயும் தலையணையுமாக வந்து இறங்கினாள். பாய்கூட அம்மா கொடுத்துவிட்டிருக்கிறா, இந்த வீட்டில் பாய் இல்லை என்று நினைத்தாவாக்கும் என்று எனக்கு அதிலும் ஒரு கோபம். பிள்ளை என்னை "அன்ரி" என்று கூப்பிட்டாள். இரண்டாம் முறை சோறு கேட்கமாட்டாள். நானும் கேட்டுப் போடமாட்டேன். அதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

இரண்டாம் மாதமே நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். "பிள்ளை இஞ்சை சாப்பிடுறாள். காசு அங்கை போகுது. இதென்ன ஞாயம்?" ஞாயம் என் பக்கம்தான் இருந்தது, அதை இப்போதும் சொல்வேன். அவர் மனமில்லாமல் சட்டத்தரணியிடம் போனார். கட்டளையை நிறுத்தச் சொல்லி மனுப் போட்டோம்.

தவணை நாள் சோழகக் காற்றில் வந்தது. விடிய எழும்பிப் பார்த்தேன், பனைகள் தலைவிரித்து ஆடின. படகு ஓடாது, நீங்கள் வரமாட்டீர்கள், பேச ஆளில்லாமல் காரியம் முடிந்துவிடும் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோசம். நல்ல சீலை உடுத்திக்கொண்டு போனேன். கோட்டு வாசலில் நீங்கள் குடையை மடித்துப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். காற்றைப் பார்த்து முதல் நாளே படகேறி, குறிகட்டுவான் இறங்குதுறையடியில் தெரிந்த வீடொன்றில் படுத்தெழும்பி வந்திருந்தீர்கள். "காத்து மாறுற மணம் முந்தநாளே தெரிஞ்சது" என்று பக்கத்தில் நின்ற யாருக்கோ சொன்னீர்கள்.

நீதவான் ஐயா உங்களைக் கேட்டார், பிள்ளை தகப்பனோடு இருக்கிறது உண்மையா என்று.

"ஓம் ஐயா. நிப்பாட்டுங்கோ. நிப்பாட்டத்தான் வேணும்" என்றீர்கள்.

எங்கள் சட்டத்தரணி கோப்பை மூடப் போனார். நீங்கள் போய் இருக்கவில்லை, நின்றபடியே சொன்னீர்கள்.

"பிள்ளை என்னட்டை இருக்கேக்க அவர் காசு கட்டினவர். இப்ப பிள்ளை அங்கை. எனக்கும் அரசாங்கச் சம்பளம் வருது. நான் கட்டவேணும் ஐயா."

மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்தது. தன் தலையில் தானே வழக்குப் போடுகிற ஆளை அங்கே ஒருவரும் கண்டிருக்க மாட்டார்கள். காசு தகப்பனின் பெயருக்குத்தானே என்று ஐயா கேட்டார்.

"இல்லை ஐயா. அவர் லொறியோடை றோட்டிலை நிக்கிற மனிசன். காலமை எழும்பிப் பிள்ளைக்குச் சமைச்சுக் கட்டிக் குடுக்கிறவ அந்தா, பின் வாங்கிலை இருக்கிறா. அவவின்ர பேரிலை போடுங்கோ."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நான் நல்ல சீலையோடு எழும்பி நின்றேன். "பிள்ளையை நீங்கள்தான் பார்க்கிறீர்களா?" என்று ஐயா கேட்டார். ஓம் என்று சொல்ல எனக்குத் தகுதி இருக்கவில்லை அக்கா. இல்லை என்று சொல்லவும் ஏலவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். என் மனிசனையும் கேட்டு, இரு பகுதியின் சம்மதத்தோடு என்று என் பெயரை முழுதாக எழுதினார்கள். எங்கள் கலியாணப் பதிவுக்குப் பிறகு என் பெயரை ஒருவர் எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதியது அன்றுதான். அப்படியும் ஒரு மனிசி இருப்பாவா என்று நான் வாய்பிளந்து நின்றேன். அந்த வாயை இன்னும் முழுதாக மூடவில்லை.

ஆனால் நான் நான்தானே. பஸ் நிற்கிற இடத்தில் உங்களை மறித்தேன்.

"என்னைச் சம்பளக்காரி ஆக்கிப் போட்டியளே அக்கா?"

நீங்கள் சிரிக்கவில்லை. "சம்பளமெண்டா மாசம் முடியத் தாறது. உமக்கு மாசம் பிறக்கத் தருவன். என்ர பிள்ளை அண்டிச் சாப்பிடக் கூடாது. நீரும் அவளுக்குச் சோறு போடேக்க ஆரின்ர காசெண்டு யோசிக்கக் கூடாது. அவ்வளவுதான்."

அதற்குள் உங்களுடைய பஸ் வந்துவிட்டது.

முதல் காசு கைக்கு வந்த அன்று மீன் வாங்கினேன், பெரிய பாரை. தனுஜாவிடம், "இன்னும் கொஞ்சம் போடட்டோ?" என்று கேட்டேன். அவள் கோப்பையை நீட்டினாள். அதன் பிறகு எங்கள் குசினியில் சட்டி பானைகள் ஓய்ந்தன. அவர்கூட ஒரு நாள் எட்டிப் பார்த்து, "சுகமில்லையோ?" என்று கேட்டார்.

மார்கழி விடுமுறைக்கு அவள் உங்களிடம் வந்தபோது அந்த மாதக் காசை அவளிடமே கொடுத்தனுப்பினேன், உங்களிடம்தானே சாப்பிடுகிறாள் என்று. நீங்கள் மூன்றில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பினீர்கள். முதல் பத்து நாள் உம்மட்டை நிண்டவள் என்று ஒரு துண்டுக் கடிதம் வேறு. நான் விடுவேனா? அதில் ஒரு நாள் அவள் கூட்டாளி வீட்டில் சாப்பிட்டாள் என்று ஒரு நாள் காசைத் திருப்பி அனுப்பினேன். இரண்டு பைத்தியங்களுக்கு நடுவில் அகப்பட்டுவிட்டேன் என்று பிள்ளை தலையில் அடித்துக்கொண்டாள். சம்பளம் கூடியதும் நீங்களே கோட்டுக்கு வந்து தொகையைக் கூட்டச் சொன்னீர்கள். அவளுக்குப் பதினெட்டு வயது முடிந்து கட்டளை முடிந்தபோதும் நீங்கள் நிறுத்தவில்லை.

போன வருடம் யாழ்ப்பாண ஆசுப்பத்திரியில் உங்களைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். பாதி ஆளாகிப் போயிருந்தீர்கள். தனுஜா பாமசி வரைக்கும் மருந்து எடுக்கப் போன நேரம் பார்த்து என்னைக் கிட்டக் கூப்பிட்டீர்கள்.

"இனி மாசம் பிறக்க வராது. அவளுக்கு இன்னும் கம்பஸ் படிப்பு முடியேல்லை. என்ன செய்வீர்?"

இத்தனை வருடமும் அந்தக் கேள்வியை நெஞ்சுக்குள் வைத்திருந்தீர்களா அக்கா? என் மேல் நம்பிக்கை வைத்தும், பயந்து பயந்துதான் இருந்தீர்களா? எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "கட்டாட்டி உங்களிலை வழக்குப் போடுவன்" என்றேன். நீங்கள் சிரித்து, சிரிப்பு இருமலாகி, நான் முதுகைத் தடவினேன். உங்களுடைய கேள்விக்கு நான் சரியான பதில் சொல்லவேயில்லை.

நெடுந்தீவில் உங்களைச் சுடலைக்கு அனுப்பிவிட்டு, தனுஜாவைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தோம். அந்தி வேளையில் முருங்கைக்காயும் இறாலும் போட்டுக் கறி வைத்தேன். அவள் வேண்டாம் என்று படுத்துவிட்டாள். அதட்டி எழுப்பி, சோற்றைக் குழைத்துக் கையில் உருட்டிக் கொடுத்தேன். இரண்டு உருண்டை வாங்கினாள். மூன்றாவதை நான் ஏசி ஏசித் தீத்தினேன். கையைக் கழுவிக்கொண்டு வரும்போதுதான் சுவரில் தொங்கிய கலண்டர் கண்ணில் பட்டது. மாதம் பிறந்து நாலு நாளாகியிருந்தது. காசு வரவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.