டார்ச் லைட் வைத்தியம்

தடா தொழிற்சாலையில் முதல் ஷிப்ட் முடிந்து மதியம் வீடு திரும்பும் கணவன் மோகன்ராஜுக்காக, ஷோபா காலண்டர் தாளைக் கிழித்துப் பேனா குத்தும்படி எழுதினாள்.

"சோத்தைக் கொழைய வடிச்சிருக்கேன். மெல்ல முடியாம ரெண்டு மாசமா நான் துன்றது இதான். இன்னிக்கு நீயும் துன்னு. வெளிய போனா சாவிய எதிர் வூட்டுல குடு."

தாடை மூட்டு விண்ணென்று தெறித்தது. போன மாதம் திருப்பதியில் முதல் தடவை தாடைக்கு லேசர் வெளிச்சம் வைத்துக்கொண்டு வந்த அன்று, அவனுடைய அக்கா குடும்பம் விருந்துக்கு வந்திருந்தது. "இந்த வெளிச்சத்துக்கு இன்னாத்துக்கு பஸ் ஏறணும்?" என்று டார்ச்சை எடுத்து அவள் கன்னத்தில் வெளிச்சம் அடித்தான். எல்லாரும் சிரித்தார்கள். அவளால் திட்டக்கூட வாயைத் திறக்க முடியவில்லை.

"டார்ச்ச இந்தச் சீட்டு மேலயே வெச்சிருக்கேன். நின்னு நின்னு முட்டி வலிக்குதுன்னு இனிமே என்னாண்ட தைலம் தேய்க்கச் சொல்லாத. இத்த அடிச்சிக்கோ."

திருப்பதி பஸ்ஸைப் பிடிக்கச் செருப்பை மாட்டியவள் திரும்பி வந்து, தாளின் அடியில் நெருக்கி எழுதினாள்.

"போன தபா டாக்டரம்மா அளந்து பாத்தாங்க. ஒரு விரல் போவாத வாய்ல இப்ப மூணு விரல் போவுது. சாயங்காலம் வந்து பேசறேன். உங்க அக்காவையும் வரச் சொல்லு."