துருப்பிடித்த ஒன்பது பைன் கன்றுகள்

ஊரிகம்,
ஜூலை 14

அன்புள்ள ரூபேஷுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீ அந்த மலைக்குளிரில் இருமாமல் இருக்கிறாயா என்பதுதான் எனக்கு எந்நேரமும் கவலை. போன மாதமே எழுதியிருக்க வேண்டும், கோபம் ஆறட்டும் என்று தள்ளிப் போட்டேன், ஆறவில்லை. போனில் பேசினால் சிக்னல் இல்லம்மா என்று வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார். அப்பா வழக்கம்போல விடியற்கால ரயிலில் பெங்களூர் போய் வருகிறார், முழங்கால் வலிக்கு மருந்து வாங்கிக் கொடுத்தால் அதை டிபன் பையிலேயே மறந்துவிடுகிறார்.

பொங்கலுக்கு நீ உங்கள் வனக் கல்லூரி நாற்றங்காலிலிருந்து ரயிலில் சுமந்து வந்து நம் லைன் வீடுகளின் ஓரமாக நட்டாயே முப்பது பைன் கன்றுகள், அதற்கு நம் ஆட்கள் செய்த சிசுருஷையைக் கேள். மார்ச் கடைசியில் ஒன்பது கன்றுகளின் தண்டில் கொப்புளம் வெடித்து ஆரஞ்சு நிறத்தில் பொடி உதிர்ந்தது. இந்த ஊரில் எதன்மேல் பொடி படிந்தாலும் அது தங்கச் சுரங்கக் கழிவைக் கொட்டிய சயனைட் டம்பு மேட்டிலிருந்து காற்றில் வந்ததுதானே, துணியை உதறுகிறோம், கறிவேப்பிலையை மூன்று தண்ணீரில் அலசுகிறோம், மரத்தை மட்டும் விடுவோமா? நம் லைன் சங்கத் தலைவர் ஸ்டீவன் மாமா சுரங்கத்தில் ஷிப்டு போடுவதுபோல முறை போட்டார். வீட்டுக்கு ஒருத்தியாகப் போய்த் தேங்காய் நாரும் சோப்புத்தூளும் வைத்துத் தண்டைத் தேய்த்தோம், அடிப்பிடித்த சட்டி மாதிரி! உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு தாவரவியல் பரீட்சை எழுதிப் பட்டம் வாங்கிய உன் அம்மாவும் செவ்வாய்க்கிழமை ஷிப்டில் தேய்த்தாள். என் படிப்பின் லட்சணம் அது. பட்டைக்குள் வேலை செய்கிற பூஞ்சை மேலே தேய்த்தால் போகுமா? மற்றக் கன்றுகள் ஒரு சாண் வளர்ந்தன, இவை ஒன்பதும் ஒரு விரற்கடைகூட வளரவில்லை. பட்டை செத்து, இலைகள் செய்த சத்து வேருக்கு இறங்க வழியில்லாமல், ஊசியிலை மஞ்சளாகிக் கொட்டிற்று.

நீ போனில் சொன்ன பிறகு, இது தூசியில்லை, துரு என்கிற பூஞ்சை நோய் என்று சங்கத்தில் போய்ச் சொன்னேன். ஸ்டீவன் மாமா சிரித்தார். "இன்னா வாணி, பொறந்ததுல இருந்து டம்பு தூசி துன்னு வளந்தவங்க நாங்க, எங்களுக்கே தூசி எதுன்னு பாடம் எடுக்கறியா?" என்றார். ஒன்பதும் காய்ந்ததும் அதே வாய், நோய் பரவிவிடும், எல்லாவற்றையும் பிடுங்கிக் கொளுத்த வேண்டும் என்கிறது. பக்கத்து வீட்டு ஃப்ளோரா ஆன்ட்டியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். "மலையில படிக்கிற புள்ள நோவு புடிச்சத நம்ம தலையில கட்டிட்டான்மா" என்று தெருக்குழாயில் வைத்துச் சொன்னாள். அவளோடு சண்டை போட்டுவிட்டு வந்து உனக்கு போன் செய்தால் நீ என்ன சொன்னாய்? எடுத்துவரும்போதே எட்டு ஒன்பது தண்டில் வீக்கம் இருந்ததும்மா, வெயில் ஊரில் சரியாகிவிடும் என்று நினைத்தேன் என்றாய். நன்றாக நினைத்தாய் போ! நீ பார்த்தும் பேசாமல் இருந்தாய், உன் தப்பைத் தூசி என்று சொல்லி இந்த லைன் முழுவதும் தேய்த்துக்கொண்டிருந்தது. அவர்கள் தெரியாத முட்டாள்கள், நீ தெரிந்த முட்டாள்.

காய்ந்த ஒன்பதையும் நானே வேரோடு எடுத்துவிட்டேன். மீதி இருபத்தொன்றையும் தண்டைத் தடவித் தடவிப் பார்த்தேன், ஒரு வீக்கமும் இல்லை. இந்தத் துரு ஒரு பைனிலிருந்து நேரே அடுத்த பைனுக்குப் போகாது, நடுவில் வேறொரு மலைச்செடியில் தங்கித்தான் வரும், அந்தச் செடி இங்கே கிடையாது என்று நீ சொன்னதை நான் சொன்னால் பிள்ளைக்குப் பரிந்து பேசுகிறேன் என்கிறார்கள். ஆகஸ்ட் முதல் ஞாயிறு சங்கக் கூட்டம், அன்று முடிவு செய்து மறுநாள் பிடுங்கிவிடுவார்கள். அதற்குள் ஸ்டீவன் மாமாவுக்கு உன் கையால் கடிதம் எழுது. நோயைப் பார்த்தும் கொண்டுவந்தேன் என்பதை முதல் வரியிலேயே எழுது, மீதி ஏன் பிழைக்கும் என்பதை அதற்கப்புறம் எழுது. தப்பை ஒப்புக்கொண்டவன் பேச்சைத்தான் கேட்பார்கள்.

வேளைக்குச் சாப்பிடு, தலையை ஈரமாக வைத்துக்கொண்டு வெளியே போகாதே. சாமி உனக்கு நல்ல புத்தியையும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தைரியத்தையும் கொடுக்கட்டும். உன் கடிதம் வராவிட்டால் அந்தக் கூட்டத்தில் நானே எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்வேன், என் பிள்ளைதான் செய்தான் என்றே சொல்வேன்.

உன் அம்மா,
வாணி மனோகர்