லோக்-யிங்கின் நாற்பத்தொரு மணி நேரம்

ஷா டின், ஹாங்காங்
மார்ச் 3

அன்புள்ள காம்-ஃபாய்,

நலம்தானே? தீவில் காற்று பலமாக இருக்கிறதாம். கழுத்தைத் திறந்துபோட்டுக்கொண்டு படகில் நிற்காதே. சொன்னால் கேட்கமாட்டாய், தெரியும்.

நம் லோக்-யிங் சீனமும் ஆங்கிலமும் கலந்து பேசியதை ஆய்வுக்காகச் சாப்பாட்டு மேசையில் பதிவு செய்தேனே, நாற்பத்தொரு மணி நேரம். குழந்தை இல்லாமல் போனதால், பெற்றோர் இருவரும் மறுபடி கையெழுத்திடாவிட்டால் பல்கலைக்கழகத்தில் மாதக் கடைசியில் அழித்துவிடுவார்கள். நகலும் எடுக்கக்கூடாது. அந்த விதியை எழுதியவளே நான்தான். படிவம் இணைத்திருக்கிறேன்.

சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். அழுகை வரவில்லை.

யுன்-சாவ்

சியுங் சாவ் தீவு
மார்ச் 11

யுன்-சாவ்,

அழிந்தால் அழியட்டும்.

டிசம்பரில் நான் இந்தத் தீவுக்கு ஒரு வார டூட்டிக்குக் கிளம்பியபோது குழந்தை காலைக் கட்டிக்கொண்டு, "டாடி, கோ பண்ணாத, என்கூட ஸ்டே பண்ணு" என்றாள். நீ என்ன செய்தாய்? "செல்லம், இன்னொரு வாட்டி சொல்லு, மைக்கைப் பாத்து" என்றாய். என் காலை விட்டுவிட்டு, பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள். நானும் போய்விட்டேன். ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டாய்.

அதைத்தானே பத்திரப்படுத்தச் சொல்கிறாய்?

காம்-ஃபாய்

ஷா டின்
மார்ச் 17

அன்புள்ள காம்-ஃபாய்,

நீ சொல்வது நியாயம். கையெழுத்து வேண்டாம்.

ஒன்றை மறைத்துவிட்டேன். நீ வந்து சேர்வதற்கு முன் அவள் ஒரு தடவை கண் திறந்தாள். "மம்மி, டாடி வந்ததும் என்னை வேக் பண்ணு" என்றாள்.

மொழி மாறும் இடத்தில் கேட்பவர் மனம் ஒரு நொடிக்கும் குறைவாகத் தயங்கும். அதை அளப்பதுதான் என் வேலை. அன்றும் 'வினைச்சொல்லில் ஆங்கிலத்துக்கு மாறுகிறாள்' என்றுதான் முதலில் குறித்துக்கொண்டேன். அவள் என்ன கேட்கிறாள் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. நீ வந்தாய். எழுப்பினேன். எழவில்லை.

அவளுக்கு அந்தத் தயக்கமே கிடையாது. நம் வீட்டில் பேசியதெல்லாம் அவளுக்கு ஒரே மொழி.

யுன்-சாவ்

சியுங் சாவ்
மார்ச் 26

அன்புள்ள யுன்-சாவ்,

கையெழுத்திட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். பதிவை நீ வைத்துக்கொள். நான் அன்று டூட்டியை மாற்றிக்கொண்டிருக்கலாம். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள், கேட்கவில்லை.

இங்கே யாரும் அவளைப்போல் பேசுவதில்லை. இனி அந்தப் பேச்சைப் பேச எனக்கு உன்னைத் தவிர ஆள் கிடையாது. வாயைத் திறந்தால் உனக்கும் அப்படித்தான் வரும். என்னால் கேட்க முடியாது. வீட்டுக்கு வரமாட்டேன். உன்மேல் கோபமில்லை.

காம்-ஃபாய்