நான் சொன்னதற்குப் பெயர் ஏச்சாம்

ஓகஸ்ட் 6, புதன்
சோளகக் காற்று. தேத்தண்ணிக்குள்ளும் மணல்.

வீட்டுத் திட்டத்தில் எங்கள் வீட்டுக்கு முதல் லோட் மண் வந்தது. ஒரே சிப்பித்தூள். நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு. ஆற்றுமண் பாலம் தாண்டி வரவேண்டும் என்று இங்கே கடற்கரையிலேயே அள்ளிவிட்டார்கள். இதில் கட்டினால் முதல் மாரியிலேயே பூச்சுப் பொரிந்து விழும். பின்னேரம், திட்டத்தை நடத்துகிற மாதர் சங்கக் கூட்டத்தில் சொன்னேன். மண் கொடுப்பவர் தலைவி ஜெசிந்தா அக்காவின் தம்பி. தெரிந்துதான் சொன்னேன்.

வாங்க: சவர்க்காரம், நெருப்புப்பெட்டி, சின்னவளுக்குப் பள்ளிக்கூடக் கொப்பி.

ஓகஸ்ட் 7
நான் ஏசிவிட்டேன் என்று பேசாலை ஊர் முழுக்கக் கதை. குழாயடியில் ஒருத்தி, "இந்தியாவில இருந்து வந்ததுகளுக்கு வாய் கூட" என்றாள். எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னாள்.

ஏச்சு என்றால் ஆளின் பிறப்பை, வளர்ப்பை இழுப்பது. நான் இழுத்தது மண்ணை. பிள்ளையைத் திருத்தினால் கண்டிப்பு. பேப்பரில் வந்தால் கண்டனம். இந்தியாவில் அகதி முகாமில் அதிகாரி எங்களை வரிசையில் நிறுத்தி நாயே என்பார், அதற்குப் பெயர் அறிவுரை. நான் வாயைத் திறந்தால் மட்டும் ஏச்சு. எரிச்சல்தான் வருகிறது, அழுகை இல்லை.

மன்னிப்புக் கேட்டுவிடு என்கிறார் இவர். ஜெ. அக்கா நினைத்தால் வீட்டு வேலை நின்றுவிடுமாம். என்னைக் கட்டிய நாளிலிருந்து யாரோடும் முகம் முறிக்காத மனுஷன். பயம் எனக்கும்தான். தகரக் கொட்டிலுக்குள் இன்னொரு மாரியா?

ஓகஸ்ட் 10, ஞாயிறு
தேவாலயப் பூசையில் நாவடக்கம் பற்றிப் பிரசங்கம். பாதிப் பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு கூட்டம். ஜெ. அக்கா எல்லோர் முன்னும்:

"நீர் ஏசினது பிழை. மன்னிப்புக் கேளும்."

"நான் ஏசேல்லை அக்கா. எனக்கு ஏசத் தெரியும், ஏசினா உங்களுக்கு விளங்கியிருக்கும். நான் சொன்னது குறை. மண்ணை மாத்துங்கோ."

வீட்டுப் பட்டியலில் என் பெயரைக் கடைசிக்குத் தள்ளினார்கள். தள்ளட்டும் என்றேன்.

இவர் இரவு சாப்பிடவில்லை. என்னோடு கோபம்.

ஓகஸ்ட் 12
காற்று கொஞ்சம் குறைவு. மீன் குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

போன கிழமை கொட்டிய மண்ணை வேறு வீட்டுக்குக் கொண்டுபோக ட்ரக்டர் வந்தது. வேறு வீட்டுக்கும் வேண்டாம், கடற்கரையிலேயே கொட்டு என்றேன். தலைவியிடம் கேட்கவேண்டும், ஏற்றவும் ஆளில்லை என்றான் சாரதி. சத்தம் கேட்டு இவர் வெளியே வந்தார். இப்போது விழும் எனக்கு ஏச்சு என்று நின்றேன்.

கடற்கரைக்கே விடு என்றார் சாரதியிடம். சாரத்தை மடித்துக் கட்டினார். மண்வெட்டியை எடுத்து ஏற்றத் தொடங்கினார்.