தயங்காமல் முக்கி எடு

சன் கம்பேங்,
வட தாய்லாந்து,
நவம்பர் 4, 1986

சிங்கேவ் அவர்களுக்கு,

புவாசோன் எழுதுவது. நலம் விசாரிக்கப் போவதில்லை. லாம்பாங்கில் உங்களைப் பார்த்ததாகப் பஸ் ஓட்டுநர் வந்து சொல்லிவிட்டார். சட்டை கசங்காமல் இருந்ததாம். கேட்டு உங்கள் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். அதைத் தேய்த்துக் கொடுப்பது யார் என்று தெரிந்தால் எனக்கும் சந்தோஷமாக இருக்கும்.

விஷயம் இதுதான். பிங் ஆற்றங்கரையில் விடுதி திறக்கப்போகிற அம்மாள் நேற்று வந்திருந்தார். மேசைக்கு மேசை நம் பச்சைக் கிண்ணங்கள்தான் வேண்டுமாம், அதுவும் ஏப்ரலில் வரும் சொங்க்ரான் திருவிழாவுக்கு முன்னால்.

"மெருகு போடுற உங்க வீட்டுக்காரர் எங்கம்மா?" என்று கேட்டார்.

"ஊர்ல இல்லை."

"அப்ப யாரு போடுவாங்க?"

"நான்தான்."

வாய் சொல்லிவிட்டது. கை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் மண் வனையும் சக்கரத்தடியில், நீங்கள் கிண்ணத்தை முக்கிப் பச்சை மெருகேற்றும் தொட்டியடியில். நீங்கள் என்னை அந்தப் பக்கம் விட்டதில்லை. நானும் எட்டிப் பார்த்ததில்லை.

கிண்ணம் வாங்க வந்தவர்கள் முன்னால் உங்களை "மேல தண்ணி ஊத்துறவர்" என்று நான் சொல்லியிருக்கக் கூடாது என்று உங்கள் அம்மா சொல்கிறார். சூளைப் பலகையில் கிண்ணங்கள் ஒட்டிக்கொண்டதற்கு நான் அடியைக் கனமாக வனைந்ததுதான் காரணம் என்று நீங்களும் அதே ஆட்கள் முன்னால்தான் சொன்னீர்கள் என்று அவருக்கு ஞாபகப்படுத்தினேன். "நீயே ஊத்திப் பாரு" என்று பையைத் தூக்கிக்கொண்டு போனீர்களே, ஊற்றிப் பார்க்கப் போகிறேன்.

மெருகு கலப்பது எப்படி என்று எழுதுங்கள். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
புவாசோன்


லாம்பாங்,
நவம்பர் 11

புவாசோனுக்கு,

சட்டையை நானே தேய்க்கிறேன். வேறு எதுவும் எழுத வேண்டாம் என்று நீ சொன்னதில் இது மட்டும் விலக்கு.

கொட்டகைக்குப் பின்னால், மூடி போட்ட பெரிய சாடியில் மரச்சாம்பல் இருக்கிறது. கழுவி, காயவைத்து, சலித்தது. அதில் அம்மா அடுப்புச் சாம்பலைக் கொட்டாமல் பார்த்துக்கொள். வயல் சேற்றைக் காயவைத்து இடித்து, சாம்பலும் சேறும் சரிபாதியாகத் தண்ணீரில் கரை. பழைய கொசுவலைத் துணியில் இரண்டு தரம் வடிகட்டு. கெட்டித் தேங்காய்ப்பால் பதம் வர வேண்டும். விரலை முக்கி எடுத்தால் ரேகை மறைந்து, நகத்தின் ஓரம் மட்டும் தெரிய வேண்டும்.

சூளையில் முதல் தடவை சுட்டு எடுத்த கிண்ணத்தை முக்கி, மூன்று எண்ணி, எடுத்துவிடு. அடிவளையத்தை ஈரப் பஞ்சால் துடைக்க மறக்காதே. மறந்தால் அதற்கும் பலகைக்கும் கல்யாணம்தான்.

இங்கே தொழிற்சாலையில் சேவல் படம் போட்ட கிண்ணங்களுக்கு இயந்திரத்தால் வெள்ளை மெருகு பீய்ச்சுகிறேன். நாள் முழுக்கச் சேவல். தூக்கத்திலும் கூவுகிறது. சாப்பாடு பரவாயில்லை என்று அம்மாவிடம் சொல். உன்னிடம் உண்மையைச் சொல்கிறேன்: மிளகாய்த் துவையலில் இவர்கள் சர்க்கரை போடுகிறார்கள்.

இப்படிக்கு,
மேலே தண்ணீர் ஊற்றுகிறவன்


சன் கம்பேங்,
டிசம்பர் 3

சிங்கேவ் அவர்களுக்கு,

சூளை திறந்தோம். சிரிக்க வேண்டுமானால் இப்போதே சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

முன்வரிசைக் கிண்ணங்களின் உடம்பெல்லாம் தேமல். மெருகு சுருங்கி விலகி, மண் வெளியே தெரிகிறது. நடுவரிசையில் ஒவ்வொன்றிலும் குறுக்கே ஒரு கோடு, வேட்டியை இறுக்கிக் கட்டிய இடுப்பு மாதிரி. பின்வரிசை கறுத்த டீயின் நிறம். கூடவே வைத்த இரண்டு சாடிகள் பலகையை விட்டு வர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டன. உங்கள் அம்மா சுத்தியலோடு வந்தார்.

"தள்ளும்மா, என் பிள்ளையையே இப்படித்தான் தட்டி வளர்த்தேன்" என்று ஒரே அடி. சாடி இரண்டாகிவிட்டது. பலகையும் இரண்டாகிவிட்டது.

விறகு போட வந்த பக்கத்து வீட்டு ஜன் அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏண்டி, விடுதிக்காரம்மாகிட்ட இதெல்லாம் ரொம்பப் பழைய சாமான், பூமியைத் தோண்டி எடுத்தோம்னு சொல்லு. கூடவே விலை தருவாங்க" என்றாள்.

அப்போது நானும் சிரித்தேன். அவள் போன பிறகு சிரிக்கவில்லை. பச்சைக் களிமண்ணாக இருந்தால் தவறு நடந்தாலும் உருட்டி மறுபடி சக்கரத்தில் போடலாம். மெருகில் அந்த மன்னிப்பு இல்லை. நான் நாள்கணக்கில் வனைந்த கிண்ணம் ஒரு முக்கலில் போய்விடுகிறது. தொட்டி முன்னால் நின்றாலே பயமாக இருக்கிறது. உங்களுக்கு அப்படி இருந்ததுண்டா? இதற்கு மட்டும் பதில் எழுதினால் போதும்.

புவாசோன்


லாம்பாங்,
டிசம்பர் 12

அன்புள்ள புவாசோன்,

சிரித்து முடித்துவிட்டேன். அம்மாவின் சுத்தியலைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில்காரன் எழுந்து, "என்னண்ணே, லாட்டரி விழுந்துடுச்சா?" என்றான்.

முதலில் தேமல். முக்குவதற்கு முன் என்ன சாப்பிட்டாய்? மறைக்காதே. பொரித்த பன்றித்தோல்தானே? அந்த எண்ணெய் விரலோடு கிண்ணத்தைத் தொட்டிருக்கிறாய். எண்ணெய் பட்ட இடத்தில் மெருகு நிற்காது. தூசி இருந்தாலும் அப்படித்தான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவு, கிண்ணத்தை ஈரத் துணியால் ஒருமுறை துடைத்துவிட்டுத் தொடு. டீ நிறம், மெருகு மெலிந்ததால். சேறு அடியில் தங்கிவிட்டிருக்கும். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் முன்னால் தொட்டியைக் கலக்க வேண்டும்.

அந்த இடுப்புக் கோட்டுக்கு மருந்து தொட்டியில் இல்லை. பாதி இறக்கியதும் உன் கை ஒரு கணம் நின்றிருக்கிறது. "சரியா இறக்குறேனா?" என்று நீ யோசித்த இடம்தான் அந்தக் கோடு. இறக்குவதென்றால் ஒரே மூச்சில் இறக்கு. தவறாகப் போனாலும் நிறுத்தாதே. உடைந்த கிண்ணங்களை வைத்துக்கொண்டு தண்ணீரில் பழகு. கெட்டுப்போக ஒன்றுமில்லை என்று தெரிந்தால் கை தானாக ஓடும்.

பயம் பற்றிக் கேட்டாய். எனக்கு இருந்தது. கிண்ணங்கள் உன்னுடையவை ஆயிற்றே. வேறு யாருடைய கிண்ணத்தை முக்கியபோதும் இருந்ததில்லை. இங்கே சேவலுக்கு மெருகு பீய்ச்சும்போது பாட்டுக்கூடப் பாடுகிறேன்.

குளிர் அதிகம் என்று கேள்வி. அம்மாவைப் போர்த்திக்கொண்டு படுக்கச் சொல். நீயும்தான்.

சிங்கேவ்


சன் கம்பேங்,
ஜனவரி 24, 1987

அன்புள்ள உங்களுக்கு,

பன்றித்தோல்தான். எப்படிக் கண்டுபிடித்தீர்களோ!

ஒரு மாதமாக உடைசல் கிண்ணங்களைத் தண்ணீரில் முக்கிக்கொண்டே இருந்தேன். ஜன் அக்கா வேலியோரம் நின்று, "இன்னைக்காவது குளிச்சு முடிஞ்சதா உன் பிள்ளைங்களுக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் சந்தைக்குப் போவாள். ஒருநாள் அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே முக்கினேன். திரும்பிப் பார்த்தால் கிண்ணம் கையில் முழுசாக நனைந்து நிற்கிறது, கோடு இல்லாமல். எப்போது இறக்கினேன், எப்போது எடுத்தேன் என்றே தெரியவில்லை. அன்றைக்கே மெருகுத் தொட்டிக்குப் போனேன்.

இன்னொன்றும் தெரிந்தது. கோபப்படாமல் கேளுங்கள். நீங்கள் எல்லாவற்றுக்கும் மூன்று எண்ணச் சொல்கிறீர்கள். கனமான கிண்ணம் தண்ணீரை நிறையக் குடிக்கிறது, மெருகும் தடிப்பாக ஏறுகிறது. மெல்லிய கிண்ணம் கொஞ்சம் குடித்ததுமே போதும் என்கிறது. எந்தக் கிண்ணத்துக்கு எங்கே கனம் என்று என் விரலுக்குத் தெரியும், வனைந்தவள் நானல்லவா? கனத்ததைச் சட்டென்று எடுக்கிறேன். மெல்லியதைக் கொஞ்சம் இருக்க விடுகிறேன். இப்போதெல்லாம் எண்ணுவதே இல்லை. அன்றைக்கு ஒட்டிக்கொண்டதற்கு என் அடிக்கனமும் காரணம், உங்கள் எண்ணிக்கையும் காரணம். ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்வோம்.

நேற்று சூளை திறந்தோம். உங்கள் அம்மா சுத்தியலோடுதான் வந்தார். ஒரு கிண்ணத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுத்தியலை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, "இதுல எனக்கு ஒண்ணு வேணும்" என்றார்.

பஸ் ஓட்டுநரிடம் உங்களுக்கும் ஒன்று கொடுத்தனுப்பியிருக்கிறேன். எப்படி இருக்கிறது என்று உள்ளதை எழுதுங்கள்.

உங்கள்
புவாசோன்


சன் கம்பேங்,
பிப்ரவரி 19

அன்புள்ள உங்களுக்கு,

கிண்ணம் வந்து சேர்ந்ததாகப் பஸ் ஓட்டுநர் சொன்னார். நீங்கள்தான் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவு மோசமா? விரிசலா? நிறமா? திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள் அம்மா தினமும் தபால்காரரை வழிமறிக்கிறார். அவர் இப்போது வேறு தெரு வழியாகப் போகிறார்.

புவாசோன்


லாம்பாங்,
பிப்ரவரி 28

அன்புள்ள புவாசோன்,

கிண்ணம் மோசமில்லை.

அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். எங்கள் மேஸ்திரி எடுத்துப் பார்த்தார். மழை விட்ட மறுநாள் வாழையிலையைச் சூரியனுக்கு எதிரே பிடித்தால் ஒரு பச்சை தெரியுமே, அந்தப் பச்சை. விளிம்பில் மெலிந்து, உள்ளே குழியில் ஆழமாக. நான் போட்ட காலத்தில் அந்தப் பச்சை எனக்கு எப்போதாவது வந்தது, எப்படி வந்ததென்று தெரியாமல் வந்தது.

"யாருய்யா போட்டது? நீயா?" என்றார் மேஸ்திரி.

"இல்லைங்க. என் பொண்டாட்டி."

"அப்புறம் நீ எதுக்குய்யா இங்க வந்து கோழிக்குச் சுண்ணாம்பு அடிச்சிட்டிருக்கே?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவ்வளவு பெருமையாக இருந்தது. ராத்திரி படுத்த பிறகுதான் அவர் கேட்டது உள்ளே குடைந்தது. எழுத உட்கார்ந்தபோதெல்லாம் எழுத ஒன்றுமில்லாமல் போயிற்று. சாம்பல் பக்குவம் உனக்குத் தெரியும். முக்கத் தெரியும். எனக்குத் தெரியாததும் உனக்குத் தெரிகிறது. இனி என்ன எழுத?

மேஸ்திரி அடுத்த மாதம் வேலையை விட்டு ஊருக்குப் போகிறார். அந்த இடத்துக்கு என்னைக் கேட்டிருக்கிறார்கள். தங்க வீடும் தருவார்களாம். வேண்டுமானால் அம்மாவை இங்கே அழைத்துக்கொள்கிறேன். உனக்குத் தொந்தரவாக இருக்காது. முடிவு சொல்லச் சொல்லியிருக்கிறார்கள்.

சிங்கேவ்


சன் கம்பேங்,
மார்ச் 6

என் மேல் கோபமாய்ப் போனவருக்கு,

உங்கள் கடிதத்தை உங்கள் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். லாம்பாங்குக்கு அழைத்துக்கொள்வதாக எழுதிய இடம் வந்ததும், "அவன் யாரு என்னைக் கூப்பிட? நான் இந்தச் சூளை வீட்டு மனுஷி. துவையல்ல சர்க்கரை போடுற ஊருக்கு நான் வர்றதா?" என்று எழுந்து போய்விட்டார். அது முடிந்த விஷயம்.

விடுதிக்குக் கிண்ணங்கள் போய்ச் சேர்ந்துவிட்டன. அந்த அம்மாள் மறுபடி தேநீர்க் கோப்பைகள் கேட்டிருக்கிறார். ஜன் அக்காவின் தங்கையும் வேலைக்கு வருகிறாள். தொழிலில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

இத்தனை மாதமாக உங்களை ஏன் "வாங்க" என்று கூப்பிடவில்லை தெரியுமா? கூப்பிட்டிருந்தால் வந்திருப்பீர்கள். ஆனால் நான் கூப்பிட்டது மெருகுக்காரரையா, புருஷனையா என்று உங்களுக்கும் சந்தேகம் இருந்திருக்கும், எனக்கும் இருந்திருக்கும். எந்தச் சண்டையிலும் அது எழுந்து வந்து நடுவில் உட்கார்ந்திருக்கும். இப்போது மெருகுக்கு நீங்கள் வேண்டாம். சூளைக்கு வேண்டாம். விடுதிக்காரம்மாளுக்கு வேண்டாம். எதற்குமே வேண்டாத பிறகும் சாயங்காலம் கை கழுவிவிட்டு நிமிர்ந்தால், அந்தத் தொட்டியடியில் நீங்கள் இல்லாதது கண்ணை உறுத்துகிறது.

அதனால் இப்போது தைரியமாகக் கேட்கிறேன். வாங்க.

ஒரே தொட்டியில் இரண்டு பேர் கை வைத்தால் மறுபடி சண்டை வரும். உங்களுக்குத் தனித் தொட்டி வாங்கி வைத்திருக்கிறேன். யார் பச்சை நல்ல பச்சை என்று வாங்க வருகிறவர்கள் சொல்லட்டும்.

உங்கள்
புவாசோன்


லாம்பாங்,
மார்ச் 11

என் புவாசோனுக்கு,

மேஸ்திரி வேலை வேண்டாம் என்று, உனக்கு அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்ட அன்றைக்கே சொல்லிவிட்டேன். அதை எழுதத்தான் கை ஓடவில்லை.

வெள்ளிக்கிழமை காலைப் பஸ்ஸில் வருகிறேன். நிறுத்தத்துக்கு அம்மாவையும் ஜன் அக்காவையும் கூட்டிக்கொண்டு வராதே. நீ மட்டும் வா.

சிங்கேவ்