மீதி நுரையீரல்

மார்ச் 4, செவ்வாய்
காலையிலிருந்து மழை. காற்றில் குடை மடங்கிப்போனது. ஸ்கேன் முடிவு கேட்க ரகுவோடு போனேன். வலது நுரையீரலில் மூன்றில் இரண்டு பகுதியை வெட்டியெடுத்து ஆறு வருடம். கட்டி திரும்ப வரவில்லை.

புது டாக்டர், என் வயதுதான் இருக்கும் அவளுக்கு. பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். மீதி நுரையீரல் காலி இடத்தை நிரப்பியிருக்கிறது. வெறுமனே பலூன் மாதிரி ஊதியிருந்தால் இன்னும் கறுப்பாகத் தெரியுமாம். புதிய திசு வளர்ந்திருக்கலாம் என்கிறாள். பெரியவர்களுக்கு வளராது என்றுதான் படித்தார்களாம், இப்போது யாரும் அவ்வளவு உறுதியாகச் சொல்வதில்லையாம். வெட்டிப் பார்த்தால்தான் நிச்சயம். அதற்காக வெட்ட மாட்டார்கள்.

மூச்சுப் பரிசோதனையில் வருடா வருடம் அளவு ஏறிக்கொண்டே போகிறதே, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் ரகு: அவளால் அதிகம் முடியாது டாக்டர்.

அவள் அவன் பக்கம் திரும்பவேயில்லை.

படி ஏறுவேன் என்றேன். ஸ்டேஷனில் எஸ்கலேட்டரை விட்டுவிட்டு, இரண்டு வருடமாக. ரகுவுக்கு இன்றுதான் தெரியும். நிறுத்தாதீர்கள், மூச்சு வாங்கும்போது நுரையீரல் இழுபடும், வளர அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றாள்.

கடல் தாண்டி ஊருக்கு ஃப்ளைட்டில் போகலாமா என்று கேட்டேன். அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. "நீங்கள் எப்போதோ போயிருக்கலாமே."

ரகு தரையைப் பார்த்தான்.

மார்ச் 5, புதன்
மழை விட்டது, குளிர். பால், கொத்தமல்லி, நிலாவுக்கு ஸ்கூல் ஷூ லேஸ் வாங்க வேண்டும்.

லிஃப்டில் ஏழாம் மாடி ஆன்ட்டி. "ரிப்போர்ட் நல்லா வந்துச்சாமே. நீ ஸ்மோக் பண்ணதில்லன்னு தெரியும். உன் வீட்டுக்காரர் ரகு பண்ணுவாரோ?" ஆறு வருடமாக இதே கேள்வி. சிரித்து வைத்தேன். எதற்குச் சிரித்தேன்?

மனம் வேறு எங்கோ. அம்மா திருச்சியில் இறந்தபோது ஆபரேஷன் முடிந்து ஒன்றரை வருடம். பெட்டியில் நாலு புடவை வைத்துவிட்டேன். ரகு வந்து சொன்னான்: "டாக்டர் ஆஃபீஸ்ல கேட்டுட்டேன் வசு. ஃப்ளைட் கூடாதுன்னுட்டாங்க." வீடியோவில் பார்த்தேன். தம்பி செந்தில் போனைப் பிடித்திருந்தான். பாதியில் கட் பண்ணினான். அதன்பிறகு அவன் என்னிடம் பேசியதில்லை.

மதியம் ஆஃபீசில், சாப்பிடாமல், ஆஸ்பத்திரி இணையதளத்தைத் திறந்தேன். என் பெயரில்தான் கணக்கு. நான் படுத்திருந்த நாளிலிருந்து கடிதங்களை எல்லாம் அவன்தான் பார்த்துக்கொண்டான்.

இருந்தது. என் பெயரைப் போட்டு அவன் எழுதிய கேள்வி. மறுநாளே நர்ஸின் பதில்: தாராளமாகப் பயணம் செய்யலாம். நடுநடுவே எழுந்து நடக்கவும். தாயாரின் மறைவுக்கு வருந்துகிறோம்.

யாரோ ஒரு நர்ஸ். அவளுக்கு வருந்தத் தோன்றியிருக்கிறது.

இரண்டு மணி மீட்டிங்கில் என் முறை வந்தது. நெட்வொர்க் பிரச்சினை என்று டைப் பண்ணினேன்.

மார்ச் 6, வியாழன்
பிரின்ட் எடுத்து, சாப்பாட்டு மேசையில் அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். வாசித்தான். மறுபடி வாசித்தான்.

"பயந்துட்டேன் வசு."

"யாருக்கு?"

"உனக்கு ஏதாவது ஆச்சுன்னா? நிலாவுக்கு அப்ப பத்து வயசு. நான் தனியா என்ன பண்ணுவேன்?"

"அப்ப உனக்குத்தான் பயந்த. அத சொல்லியிருக்கலாம். டாக்டர் பேரை ஏன் சொன்ன?"

"சொன்னா நீ கேட்டிருக்க மாட்ட. கிளம்பிருப்ப."

"ஆமா. கிளம்பிருப்பேன்."

நிலா அறை வாசலில் நின்றிருந்தாள். "அப்பா, யூ லைட் டு ஹர்? அம்மாகிட்ட பொய்யா சொன்ன?" அவன் பேப்பரை மடித்தான். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவன் கெட்டவன் இல்லை. வடிகுழாயோடு படுத்திருந்தபோது துடைத்துவிட்டவன், தலை வாரிவிட்டவன். அதை நினைத்தால் கோபம் குறையும் என்று பார்த்தேன். கூடுகிறது. பார்த்துக்கொண்டதற்குக் கூலியாக என்னையே எடுத்துக்கொண்டான். நானும் கொடுத்தேன். டாக்டருக்கு ஒரு போன் போட எனக்கு என்ன வந்தது? ஏன் போடவில்லை?

மார்ச் 7, வெள்ளி
ரகு ரசம் வைத்தான். நான் பிரெட் சாப்பிட்டேன். படுக்கப் போகும்முன் ஒன்றே ஒன்று சொன்னேன்: "நாளைக்குக் காலைல செந்திலுக்கு நீ போன் பண்ற. நீயே சொல்ற."

மார்ச் 8, சனி
வெயில். இங்கே காலை எட்டு மணி, திருச்சியில் மாலை. ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

ரகு எல்லாவற்றையும் சொன்னான், ஒன்றையும் மழுப்பவில்லை. அது அவன் செய்த நல்லது. கட் ஆகிவிட்டதோ என்று பார்த்தேன்.

அப்புறம் செந்தில்: "அக்கா இருக்காளா?"

"இருக்கேன்டா."

"நீ வரமாட்டேன்னுட்டன்னு ஊர் பூரா சொல்லி வச்சிருக்கேன்க்கா. அம்மா போட்டோ முன்னாடிகூட உன்னைத் திட்டிருக்கேன்."

"திட்டுவடா. நானா இருந்தாலும் திட்டிருப்பேன்."

"எப்ப வர்ற?"

லீவ் கேட்கவில்லை, எதுவும் பார்க்கவில்லை. அடுத்த மாசம் என்றேன்.

போனை வைத்ததும் ரகு கேட்டான். "நானும் வரட்டுமா?"

டிக்கெட் ஒன்றுதான் போட்டேன்.