வெள்ளச்சியை மட்டும் கேட்காதே

நாள் 212, காலை 6.10
செவ்வாய், தெற்குப் பண்ணைக் குடியிருப்பு, ஈ வளர்ப்பகம். எழுதுபவள் பூச்சியியலாளர் பொன்னரசி. வளர்ப்பகத்தில் வேறு ஆள் கிடையாது; தம்பி செங்கோடனின் மாட்டுப்பண்ணை தொலைவில் இருக்கிறது.

புழு அறை வெப்பம் சரி. கதிரூட்டும் கருவி சரி. இதைப் படிக்கப்போகும் புண்ணியவானுக்கு ஒரு விளக்கம்: சதை ஈ உயிருள்ள மாட்டின் புண்ணில் முட்டையிடும். புழு சதையைத் தின்னும், மாடு சாகும். பெண் ஈ ஆயுளில் ஒருமுறைதான் இணைசேரும். அந்த ஒரு மாப்பிள்ளை மலடாக இருந்துவிட்டால் முட்டை பொரிக்காது. லட்சக்கணக்கில் மாப்பிள்ளைகளை வளர்த்து, கதிரூட்டி மலடாக்கித் தம்பியின் பண்ணைக்கு அனுப்புவது என் உத்தியோகம். அம்மா கேட்டால் தலையில் அடித்துக்கொள்வாள்.

நாள் 219, மாலை 4.30
பூமியிலிருந்து புழுத்தீவனம் வரவில்லை. புயல் ஓயும்வரை கப்பல் இறங்காதாம். புழுவுக்கு இறைச்சியும் இரத்தமும்தான் வேண்டும். வளர்ப்பை நிறுத்தினால் பண்ணையில் ஈ மறுபடி பெருகிவிடும். தம்பியிடம் ஒரு மாட்டைக் கேட்டேன்.

வானொலி, செங்கோடன்: "மாட்டக் காப்பாத்த மாட்டையே வெட்டச் சொல்றீங்களாக்கா? ...சரிங்க்கா. நொண்டிய அனுப்பறேன்."

புயலில் ஆள் வர முடியாது; ஆளில்லா வண்டியில் பெட்டி வந்தது. இன்னும் சூடாக இருந்தது.

நாள் 240, காலை 7.00
செவலை, மயிலை வந்தாயிற்று, இன்று கொம்பில்லாதவள். பண்ணையில் வைத்த ஈப்பொறியில் விழும் ஈ குறைந்துகொண்டே வருகிறது. சந்தோஷப்பட வெட்கமாக இருக்கிறது. தம்பி இப்போதெல்லாம் பெயர் சொல்வதில்லை. "அனுப்பியாச்சுங்க்கா" என்பதோடு சரி.

நாள் 254, பகல் 1.15
மிச்சம் ஒன்றே ஒன்று. சினைப்பசு.

செங்கோடன்: "வெள்ளச்சிய மட்டும் கேக்காதீங்க்கா. வயித்துல கண்ணு இருக்குது. இங்க புள்ளைகளுக்கு இனி அவ பாலுதான்."

கேட்கவில்லை. ஆனால் கன்றின் ஈரத் தொப்புளைத் தேடித்தான் ஈ வரும். அது பிறப்பதற்குள் இன்னும் ஒரு தொகுதி மாப்பிள்ளைகள் போயாக வேண்டும். தொட்டி காலி. மருத்துவப் பெட்டியில் ஊசியும் குழாயும் இருக்கின்றன. சின்னத் தொகுதி போதும்.

நாள் 259
நேற்று எடுத்த இரத்தம் போதவில்லை. இன்றும் எடுத்தேன். நின்றால் தலை சுற்றுகிறது. புழுக்கள் நன்றாகக் கொழுத்துவிட்டன, சனியன்கள்.

நாள் 266
கூட்டுப்புழுக்களுக்குக் கதிரூட்டி வண்டியில் ஏற்றிவிட்டேன். தவழ்ந்துதான்.

செங்கோடன்: "ஈ வந்துருச்சுங்க்கா. ஆமா, நான் ஒண்ணுமே அனுப்பலையே, என்னத்தத் தின்னுச்சு இதுக?"

பழைய தீவனம் கொஞ்சம் இருந்தது என்றேன். வானொலியை அணைத்துவிட்டு அழுதேன்.

நாள் 271
ஊசி குத்திய இடம் சீழ். காய்ச்சல். மருந்தெல்லாம் மாடுகளுக்கே போய்விட்டது. செவலை என்னைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். செவலை இல்லை, எனக்குத் தெரியும்.

நாள் தெரியவில்லை
குரல் எழும்பவில்லை. வானொலிதான் பேசுகிறது.

செங்கோடன்: "அக்கா! நாலு நாளாக் கூப்புடறேன். வெள்ளச்சி கண்ணு போட்டுருச்சு. கெடாரிக் கண்ணு! தொப்புள் நல்லாக் காஞ்சிருச்சு, ஒரு புழு இல்ல. பொறியிலயும் ஒரு ஈ இல்லீங்க்கா. பேரு நீங்கதான் வெக்கோணும். கேக்குதுங்களா? அக்கா?"

கேக்குதுடா.
நல்லா கேக்கு